நடக்க முடிந்தவருக்கு நடமாட்டக் கொடுப்பனவு இல்லையா? உளநோயும் பி.ஐ.பி. விண்ணப்பமும்

கரைவலை கேட்டது:

வணக்கம். இங்கிலாந்தில் எங்கள் குடும்பத்துடன் வசிக்கும் என் தம்பியின் பி.ஐ.பி. (உடல், உளக் குறைபாடு உள்ளவர்களுக்கான அரச கொடுப்பனவு) முடிவு குறித்து, இந்த விடயத்தில் அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். அவருக்கு 34 வயது; அகதி அந்தஸ்துப் பெற்றவர். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயும் கடுமையான பதகளிப்பும் இருப்பதாக உளமருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். மருந்தும் உளவளத்துணையும் பல ஆண்டுகளாகத் தொடர்கின்றன.

உடலில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தனியாக வெளியே போவது அவரால் ஆகாத காரியம். மருத்துவரிடம் போவதென்றாலும் கோயிலுக்குப் போவதென்றாலும் நானோ என் கணவரோ காரில் அழைத்துச் செல்ல வேண்டும். பின்னால் யாராவது வேகமாக நடந்து வந்தாலோ சீருடை அணிந்தவர்களைக் கண்டாலோ உடல் நடுங்கத் தொடங்கி, தான் எங்கே நிற்கிறார் என்பதே தெரியாத நிலைக்குப் போய்விடுவார். முன்பு ஒருமுறை தனியே பேருந்தில் போனவர், பாதி வழியில் இறங்கி எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தபோது காவல்துறையினர் கண்டு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

தொலைபேசி மதிப்பீட்டுக்குப் பின் வந்த கடிதத்தில், அன்றாட வாழ்வுப் பகுதிக்கு 9 புள்ளிகள் கொடுத்துச் சாதாரண வீதத்தை அனுமதித்திருக்கிறார்கள். நடமாட்டப் பகுதிக்கு 4 புள்ளிகள் மட்டுமே கொடுத்து, எதுவும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். சகோதரியுடன் மருத்துவச் சந்திப்புகளுக்குச் செல்கிறார், அறிவாற்றல் குறைபாடு இல்லை, தொலைபேசியில் தெளிவாகப் பேசினார் என்பனவே காரணங்கள். நடமாட்டப் பகுதி கால் முடியாதவர்களுக்கானது, அதைத் தொடாமல் கிடைத்ததோடு இருங்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது உண்மைதானா? மறுபரிசீலனை கேட்டால் ஏற்கெனவே கிடைத்ததும் பறிபோகுமா?

பழையகோப்பு எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். ஓர் ஆலோசனை நிலையத்தில் தன்னார்வலராக இத்தகைய கோப்புகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உறவினர்கள் சொல்வது சரியல்ல. நடமாட்டப் பகுதியில் இரண்டு செயல்பாடுகள் உள்ளன. ஒன்று உடலால் நகர்வது. உளநோய்க்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. மற்றையது பயணத்தைத் திட்டமிட்டு அதைப் பின்பற்றுவது. உங்கள் தம்பியின் விண்ணப்பம் முழுவதும் இந்த இரண்டாவதையே சார்ந்திருக்கிறது. இதில் மட்டும் 8 புள்ளிகள் எட்டினால் சாதாரண வீதம். 12 எட்டினால் உயர் வீதம். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்கு அவை வாரத்துக்கு முறையே 29.20 பவுண்களும் 77.05 பவுண்களும் ஆகும்.

அவருக்கு 4 புள்ளிகள் தந்த விவரணை, அதாவது எந்த நிலைக்கு எத்தனை புள்ளி என்று கூறும் விதியின் வரி, என்ன சொல்கிறது என்று பாருங்கள்: தாங்க முடியாத உளவேதனையைத் தவிர்ப்பதற்காக, எந்தப் பயணத்தையும் மேற்கொள்ள ஒருவர் தூண்டிவிட வேண்டியிருக்கிறது. அதாவது வீட்டு வாசலில் நின்று தைரியம் சொல்லி அனுப்பினால் போதும், அதன் பிறகு அவர் தனியே போய் வந்துவிடுவார் என்று மதிப்பீட்டாளர் கருதியிருக்கிறார். நீங்கள் விவரிப்பது அப்படிப்பட்ட மனிதரை அல்ல. துணைக்கு ஒருவர் இல்லாமல் பழக்கமில்லாத வழியைப் பின்பற்ற இயலாதவருக்கு 10 புள்ளிகள். பழக்கமான வழியைக்கூடத் துணையில்லாமல் பின்பற்ற இயலாதவருக்கு 12 புள்ளிகள். உளவேதனை காரணமாக எந்தப் பயணத்தையுமே மேற்கொள்ள இயலாதவருக்கும் 10 புள்ளிகள் உண்டு. ஆனால் துணையோடு வெளியே போகிறவருக்கு அது பொருந்தாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'அவரால் வெளியே போகவே முடியாது' என்று படிவத்தில் எழுதிவிட்டு, மதிப்பீட்டில் 'அக்காவுடன் போவேன்' என்று சொன்னால், சொன்னதும் எழுதியதும் முரண்படுவதாகக் குறித்துவிடுவார்கள். உங்களுடன் போகிறார் என்பது அவருக்கு எதிரான சான்று அல்ல. வழியைப் பின்பற்றுவது பற்றிய 10 புள்ளி, 12 புள்ளி விவரணைகள் இரண்டுமே துணையோடு போகிறவரைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆகவே முடிவுக் கடிதம் மறுப்புக்குக் காரணமாகக் காட்டும் அந்த வரியையே உங்கள் வாதத்தின் முதல் வரியாக வைத்துக்கொள்ளலாம்.

'அறிவாற்றல் குறைபாடு இல்லை' என்ற வாசகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்துவைத்திருப்பது பயன்படும். வழியைப் பின்பற்றுவது என்றால் வரைபடத்தைப் பார்த்துத் திசை அறிவது மட்டுமே, ஆகவே அச்சமும் பதகளிப்பும் அதற்குள் வரமாட்டா என்றே, பி.ஐ.பி.யை வழங்கும் அரச திணைக்களமான டி.டபிள்யூ.பி. நெடுங்காலம் வாதிட்டு வந்தது. 2016 நவம்பரில் மேல்நிலைத் தீர்ப்பாயம், எம்.எச். என்று குறிப்பிடப்படும் வழக்கில், உளவேதனை தாங்க முடியாத அளவை எட்டினால் அதனாலும் ஒருவர் வழியைப் பின்பற்ற இயலாதவராகிறார் என்று தீர்ப்பளித்தது. அதைச் செல்லாததாக்க, 2017 மார்ச்சில் அரசாங்கம் விதிகளைத் திருத்தி, 'உளவேதனை அல்லாத பிற காரணங்களால்' என்ற சொற்களை இந்த விவரணைகளில் நுழைத்தது. அந்தத் திருத்தம் உளநலக் குறைபாடு உள்ளவர்களுக்கு எதிரான அப்பட்டமான பாகுபாடு என்று 2017 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கூறி அதை நீக்கியது. தாம் மேன்முறையீடு செய்யப்போவதில்லை என்று 2018 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்து, ஏறத்தாழ 16 இலட்சம் கோப்புகளை மீளாய்வு செய்ய ஏற்றுக்கொண்டது. ஆகவே அறிவாற்றல் குறைபாடு இல்லை என்பது இன்றைக்கு ஒரு மறுப்புக்கு முழுமையான காரணமாகாது. பழைய வாசகங்கள் இன்னும் கடிதங்களில் தலைகாட்டுவதை நான் கண்டிருக்கிறேன். நகல் ஒட்டும் பழக்கம் அவ்வளவு எளிதில் ஒழிவதில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பு கதவை முழுவதும் திறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே போகப் பிடிக்கவில்லை, பதற்றமாக இருக்கிறது என்பது போதாது. வேதனை அவரைச் செயலற்றவராக்கும் அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். அது நீடித்த உளநோயிலிருந்தோ அறிவு அல்லது அறிவாற்றல் குறைபாட்டிலிருந்தோ வருவதாக இருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு நோய் உறுதி செய்யப்பட்டிருப்பதால் இரண்டாவது நிபந்தனையில் சிக்கல் இல்லை. முதலாவதைத்தான் நிறுவ வேண்டும். பேருந்திலிருந்து இறங்கி எதிர்த்திசையில் நடந்த நிகழ்ச்சி அதற்கு மிக வலுவான சான்று. வழியைப் பின்பற்ற இயலாமை என்பதற்கு அதைவிட நேரான உதாரணத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. அது மதிப்பீட்டு அறிக்கையில் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். பி.ஏ.4 எனப்படும் அந்த அறிக்கையின் பிரதியை டி.டபிள்யூ.பி.யிடம் தொலைபேசியில் கேட்டாலே அனுப்புவார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில், ஆபத்து உண்டு ஆனால் பெரிதல்ல என்பதே. மறுபரிசீலனையில் முழு முடிவையும் அவர்கள் திறந்து பார்க்கலாம். குறைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அன்றாட வாழ்வுப் பகுதிக்கு 8 தேவைப்படும் இடத்தில் 9 பெற்றிருக்கிறார். ஒரு செயல்பாட்டுக்கான 2 புள்ளிகள் குறைந்தாலே அது கைநழுவும். ஆகவே நடமாட்டப் பகுதியைப் பற்றி மட்டும் எழுதாமல், அந்த 9 புள்ளிகள் எந்தெந்தச் செயல்பாடுகளுக்குத் தரப்பட்டன என்று பார்த்து, அவற்றுக்கான சான்றுகளையும் சேர்த்து அனுப்புங்கள். முடிவுக் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். தவறவிட்டால், தக்க காரணம் காட்டி 13 மாதங்கள் வரை தாமதமாகக் கேட்கலாம் என்றாலும், ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் இருக்கிறது.

தென்கிழக்கு எழுதியது:

என் கணவருக்கும் இதே போன்ற முடிவு வந்து, மறுபரிசீலனையில் ஓர் எழுத்தும் மாறாமல், கடைசியில் மேன்முறையீடு செய்து தீர்ப்பாயத்தில்தான் உயர் வீதம் கிடைத்தது. மறுபரிசீலனை மறுக்கப்பட்டால் மனம் தளர வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். விசாரணை வரை போகும் பி.ஐ.பி. வழக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே முடிகின்றன. அங்கே ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையை அறிந்த ஓர் உறுப்பினர் என மூவர் இருப்பார்கள். டி.டபிள்யூ.பி.யில் வேலை செய்பவர்கள் அல்லர். மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாக ஏற்பாடு செய்யும். விசாரணையைத் தொலைபேசியிலோ காணொளியிலோ நேரிலோ நடத்தலாம். எது ஏற்றது என்பதை முன்கூட்டியே தெரிவிக்கலாம். வென்றால் விண்ணப்பித்த காலத்துக்கு உரிய நிலுவையும் சேர்ந்து வரும்.

எங்களுக்கு உதவிய சான்று எது என்பதையும் சொல்கிறேன். நோயின் பெயரும் மருந்துகளின் பெயரும் மட்டும் இருந்த குடும்ப மருத்துவரின் கடிதம் அநேகமாகப் பயன்படவில்லை. உளநலத் தாதி எழுதிய அரைப் பக்கக் கடிதம்தான் பயன்பட்டது. அதில் அவர் தம் கண்ணால் கண்டதை எழுதியிருந்தார். சந்திப்புக்குத் தனியே வரச் சொன்ன நாளில் வர முடியாமல் போனது, நிலையத்தின் வாசலில் நின்றபடி உள்ளே நுழைய மறுத்தது, என்னை அழைத்த பின்பே அமைதியானது எல்லாம் அதில் இருந்தன. நீங்களும் ஒரு வாக்குமூலம் எழுதுங்கள். குடும்பத்தினர் எழுதுவதற்கு மதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். எங்கே, எப்போது, என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதன் பிறகு அவர் மீள எவ்வளவு காலம் எடுத்தது என்ற வரிசையில் எழுதினால் போதும். 'மிகவும் கஷ்டப்படுகிறார்' என்ற வாக்கியம் எதையும் நிரூபிக்காது.

மீள எடுக்கும் காலம் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு செயலைப் பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க தரத்திலும், தேவைப்படும் போதெல்லாம் திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிந்தால்தான் அதைச் செய்ய முடியும் என்று விதியே கூறுகிறது. ஒருநாள் வெளியே போய்விட்டு அடுத்த பல நாட்கள் அறையை விட்டு வராமல் கிடப்பவரை, பயணம் செய்யக்கூடியவர் என்று கணக்கில் எடுக்க முடியாது.

அகதி விண்ணப்பத்தின்போது மருத்துவ நிபுணரின் அறிக்கை ஏதாவது பெறப்பட்டிருந்தால் அதையும் தேடி எடுங்கள். நோயின் கடுமையை அத்தனை விரிவாக எழுதிய ஆவணம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அதில் அவர் யாருக்கும் காட்ட விரும்பாத விவரங்கள் இருக்கலாம் என்பதால், எந்தப் பக்கங்களை அனுப்புவது என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்வது நல்லது.

கரைவலை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அறிக்கையின் பிரதிக்குச் சொல்லிவிட்டேன். ஒரு விடயம் மட்டும் என்னை உறுத்துகிறது. எங்கள் தெரு முனையில் ஒரு கடை இருக்கிறது. இரவில், ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு, சில நாட்களில் தம்பி தனியே அங்கே போய் சிகரெட் வாங்கி வருவார். காதில் காதொலிப்பான்களைப் போட்டுக்கொண்டு, கடைக்காரருடன் பேசாமல், ஓடாத குறையாகத் திரும்பி வந்துவிடுவார். பகலில் அதே கடைக்குப் போகச் சொன்னால் போகவே மாட்டார். மதிப்பீட்டில் இதைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எழுதினால் 12 புள்ளி போய்விடுமா? எழுதாமல் விடலாமா?

பழையகோப்பு எழுதியது:

எழுதாமல் விட வேண்டாம். தீர்ப்பாயத்தில் யாராவது ஒருவர் 'சிகரெட்டை யார் வாங்கித் தருகிறார்கள்?' என்று கேட்பார். மருத்துவ உறுப்பினருக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. அப்போது முதன்முறையாக இது வெளியே வந்தால், மற்ற உண்மைகளின் மீதும் சந்தேகம் விழும்.

இதனால் 12 புள்ளி தானாகப் போய்விடுவதும் இல்லை. கணக்கில் வருவது ஒரு தனி நிகழ்ச்சி அல்ல. 12 மாதக் காலத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எந்த விவரணை பொருந்துகிறது என்பதுதான். நோய்நிலை மூன்று மாதங்களாக இருந்திருக்க வேண்டும், இனி ஒன்பது மாதங்களுக்கு நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும் என்ற விதியும் அதிலிருந்தே வருகிறது. சில இரவுகளில் மட்டும், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், சில நிமிடத் தூரத்தை ஓடிக் கடப்பவர், பழக்கமான வழியைத் தேவைப்படும் போதெல்லாம் ஏற்கத்தக்க தரத்தில் பின்பற்றுகிறார் என்று சொல்ல முடியுமா? முடியாது என்பதே என் வாதமாக இருக்கும். ஆனால் அவர் இதைப் பெரும்பாலான நாட்களில், கடும் வேதனை இல்லாமல் செய்கிறார் என்றால் 10 புள்ளிகளோடு சாதாரண வீதமே நியாயமான முடிவாக இருக்கும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை இரவுகள் போகிறார், போன பிறகு எப்படி இருக்கிறார், போக நினைத்துக் கதவடியில் திரும்பிய இரவுகள் உண்டா என்பதைச் சில வாரங்களுக்குக் குறித்து வையுங்கள்.

சில நாட்கள் துணையோடும் வெளியே போக முடியாமல் இருக்கிறார் என்றால் அந்த நாட்களையும் தனியே குறியுங்கள். ஒரே விவரணை பாதிக்கு மேற்பட்ட நாட்களுக்குப் பொருந்தாமல், இரண்டு மூன்று விவரணைகள் சேர்ந்துதான் பாதியைத் தாண்டுகின்றன என்றால், அவற்றுள் அதிக நாட்களுக்குப் பொருந்துவதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. நாட்குறிப்பு இல்லாமல் இந்தக் கணக்கை யாரும் போட முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பங்களில் நோயாளியைச் சுற்றி ஆட்கள் இருந்துகொண்டே இருப்பதால், அவர் தனியே விடப்பட்டால் என்ன ஆகும் என்பது வெளியே தெரிவதில்லை. காரில் ஏற்றி இறக்குவது உங்களுக்குப் பழகிப்போயிருக்கும்; அது உதவி என்றே தோன்றாது. மதிப்பீட்டாளர் கேட்டால் தம்பியும் வெட்கத்தில் 'சமாளிக்கிறேன்' என்றுதான் சொல்லியிருப்பார். ஆகவே நீங்கள் எழுதும்போது ஒவ்வொரு பயணத்திலும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை எழுதுங்கள்: முன்னால் நடக்கிறீர்களா, கையைப் பிடிக்கிறீர்களா, கூட்டத்தைக் கண்டு வழியை மாற்றுகிறீர்களா, திரும்பி வந்துவிட்டீர்களா என்று.

மழைக்காலம் எழுதியது:

இதை வேறு சூழ்நிலையில் உள்ளவர்களும் வாசிப்பார்கள் என்பதால் சில விடயங்களைச் சேர்க்கிறேன். பி.ஐ.பி. பொதுநிதிக் கொடுப்பனவுகளில் ஒன்று. பொதுநிதியைப் பெறக்கூடாது என்ற நிபந்தனையுள்ள விசாவில் இருப்பவர்கள் சட்ட ஆலோசனை பெறாமல் விண்ணப்பிக்க வேண்டாம். கடந்த 156 வாரங்களில் 104 வாரங்கள் நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்குப் பி.ஐ.பி.க்குப் பதிலாக அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட் இருக்கிறது. விவரணைகள் பெரும்பாலும் ஒன்றே, ஆனால் நடைமுறையும் அலுவலகமும் வேறு. அரச ஓய்வூதிய வயதைக் கடந்த பெற்றோருக்காகக் கேட்பவர்கள், அந்த வயதுக்குப் பின் புதிதாக எடுக்கக்கூடிய அட்டென்டன்ஸ் அலவன்ஸில் நடமாட்டப் பகுதியே கிடையாது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: உயர் வீதம் கிடைத்தால், அந்தக் கொடுப்பனவைக் கொண்டு கார் குத்தகைக்குப் பெறும் மோட்டபிலிட்டி திட்டத்தில் கார் எடுக்கலாம்; தம்பி ஓட்ட வேண்டியதில்லை, அவருக்காக நீங்கள் ஓட்டலாம். ஆனால் கொடுப்பனவுக் காலத்தில் குறைந்தது 12 மாதங்கள் மீதமிருக்க வேண்டும். வாகன வரி விலக்கும் உயர் வீதத்துக்கு உண்டு; சாதாரண வீதத்துக்குப் பாதி வரி. ப்ளூ பேட்ஜ் (குறைபாடு உள்ளவர்களுக்கான வாகனத் தரிப்பிட அனுமதி) விடயத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இங்கிலாந்தில், எந்தப் பயணத்தையுமே மேற்கொள்ள இயலாது என்ற 10 புள்ளி விவரணையைப் பெற்றவருக்கு அதற்கான தகுதி தானாகவே உண்டு. பழக்கமான வழிக்கும் துணை வேண்டும் என்ற 12 புள்ளியைப் பெற்றவருக்கு அந்தத் தகுதி தானாகக் கிடைக்காது. கூடுதல் புள்ளி பெற்றவர் சான்று காட்டி உள்ளூராட்சி மன்றத்தை நம்பச்செய்ய வேண்டியிருக்கிறது! அதற்காக விவரணையை மாற்றிக் கேட்பது புத்திசாலித்தனம் அல்ல. 2019 ஆகஸ்ட் 30 முதல் கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளுக்கும் பேட்ஜ் வழங்கப்படுவதால், பி.ஐ.பி.க்காகத் திரட்டிய அதே சான்றுகளோடு அதற்கு விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, தம்பி எப்போதாவது உளநல மருத்துவமனையில் சேர்க்கப்பட நேர்ந்தால் டி.டபிள்யூ.பி.க்கு உடனே தெரிவியுங்கள். 28 நாட்களுக்குப் பின் இரண்டு பகுதிகளும் நிறுத்தப்படும். தெரிவிக்காமல் வாங்கிய பணத்தைப் பின்னர் திருப்பிக் கேட்பார்கள். வீடு திரும்பியதும் மீண்டும் தொடங்கும். புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

கரைவலை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கடைக்குப் போகும் இரவுகளை எழுதுவதற்குத் தம்பியும் சம்மதித்துவிட்டார். உளநலத் தாதியிடம் கடிதம் கேட்டிருக்கிறேன். அது வரத் தாமதமானாலும் மறுபரிசீலனைக் கடிதத்தை ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிட்டு, சான்றுகளைப் பின்னால் அனுப்பலாமா என்பது மட்டும் தெரிய வேண்டும்.

பழையகோப்பு எழுதியது:

அனுப்பலாம். மேலும் சான்றுகள் வரவிருக்கின்றன, எந்தத் திகதிக்குள் அனுப்புவீர்கள் என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் கையில் இருப்பதை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் அவருடைய பெயரையும் தேசியக் காப்புறுதி எண்ணையும் எழுதி, பிரதி எடுத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.